முப்பத்தைந்தரை டிகிரி

என் வீட்டுக்காரருக்குக் குளிராது. கல்யாணமான நாளிலிருந்து இருபத்தாறு வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. அவர் ஏசி மெக்கானிக். ஒரு ஏசி மெக்கானிக் குளிருகிறது என்று சொன்னால், சமையல்காரன் தன் சமையலைத் தானே சாப்பிடப் பயப்படுவதற்குச் சமமாம். மழையில் நனைந்து பல் தந்தியடிக்க வீட்டுக்கு வந்தாலும், "சும்மா ஒரு சிலிர்ப்பு" என்பார். வீம்புக்கு உருவம் கொடுத்து, கையில் ஸ்க்ரூ டிரைவரையும் கொடுத்தால் அவர்தான்.

மூன்று வருஷமாக அவருக்கு டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி காலையில் நான்கு மணி நேரம். கையில் இரண்டு ஊசிகளைக் குத்தி, இரத்தத்தை வெளியே இழுத்து, ஒரு திரவத்தை வைத்துக் கழுவி, மறுபடி உள்ளே விடுகிற மெஷின். நடுவில் சேர்ந்துபோன தண்ணீரையும் அதுவே உறிஞ்சி எடுத்துவிடும். மற்ற மூன்று நாளும் அவர் கடையில் உட்கார்ந்து மெஷின்களைப் பிரித்து மேய்வார். இங்கே அவரை மெஷின் பிரித்து மேய்கிறது, அங்கே அவர் மெஷினைப் பிரித்து மேய்கிறார், கணக்குச் சரியாகிவிட்டது என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கணக்கு இந்த வருஷம் இடித்தது. மூன்றாவது மணி நேரம் வந்தால் போதும், கொட்டாவி விடுவார், கெண்டைக்கால் இழுக்கும், பிரஷர் தடாலென்று இறங்கும். டெக்னீஷியன் பெண் ஓடிவந்து கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்துவாள், சலைன் ஏற்றுவாள், மெஷினை நிறுத்துவாள். இப்படி ஏழெட்டுத் தடவை. கால் வீங்கியது, இரவெல்லாம் சொறிந்துகொண்டார், நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

டாக்டர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார். "பாதியில நிறுத்தினா பாதி அழுக்கு உள்ளயே நிக்குது. இப்படியே போனா சனிக்கிழமையும் வந்து படுக்கணும். வாரத்துக்கு நாலு நாள்."

"சனிக்கிழமையா? அன்னைக்குத்தான் டாக்டர் ஜனங்க வீட்ல இருக்காங்க. வீட்ல இருந்தாத்தான் அவங்களுக்கு வேர்க்குது. வேர்த்தாத்தான் என்னைக் கூப்பிடுவாங்க" என்றார் இவர்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கடைச் சாவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை போனால் இந்த மனிதர் வெறும் நோயாளி. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டாக்டர் ஒரு வழி வைத்திருந்தார். "கழுவுற திரவம் இப்ப முப்பத்தேழு டிகிரியில போகுது. அதை முப்பத்தஞ்சரையா வச்சுப் பாக்கலாம். சூட்டுல ரத்தக்குழாய் தளர்ந்துடும், பிரஷர் நிக்காது. கொஞ்சம் குளிர்ச்சியா இருந்தா இறுகிப் பிடிச்சுக்கும். ஆறு தடவை பாப்போம். ஆறும் முழுசா முடிஞ்சா சனிக்கிழமை வேண்டாம். ஆனா குளிரும். ஒரு போர்வை கொண்டு வாங்க."

"ஒன்றரை டிகிரிக்குப் போர்வையா?" என்றார் என்னவர். "டாக்டர், குளிர்ச்சியைப் பத்தி என்கிட்டயா சொல்றீங்க."

கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவரைப் பார்ப்பதுபோல டாக்டரைப் பார்த்தார். எனக்கு மானம் போனது.

பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். போன கோடையில் அவர் வீட்டு ஏசியைப் பழுது பார்த்தவர் இவர்தான். அது சரியான பிறகு ஆளை உறைய வைக்கிறது என்று வாத்தியார் குறைப்பட்டபோது, "நல்ல மெஷினுக்கு உடம்புதான் சார் பழகிக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அந்த வாத்தியார் காதில் விழுகிற தூரத்தில் படுத்துக்கொண்டு, குளிருகிறது என்று இவர் சொல்வாரா?

சொல்லவில்லை. முதல் நாளே உதடு நீலம் பாரித்துவிட்டது. தாடை கடகடவென்று ஆடியது. "என்னங்க, குளிருதா?" என்றேன். "பாக்கு மென்னுட்டிருக்கேன்" என்றார். வாயில் பாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. போர்வையை எடுத்துப் போர்த்தினால் உதைத்துத் தள்ளினார். வாத்தியார் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் ஒரு கையால் நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோல பாவனை வேறு. இல்லாத வியர்வையைத் துடைத்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் பிரஷர் இறங்கவில்லை. நான்கு மணி நேரமும் முழுசாக முடிந்தது. புதனும் முடிந்தது, வெள்ளியும் முடிந்தது. கால் வீக்கம் வடிந்து, பழைய செருப்பு மறுபடி காலில் நுழைந்தது. அடுத்த திங்களும் முடிந்தபோது எனக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. டெக்னீஷியன் பெண், "இன்னும் ரெண்டே ரெண்டு தடவைதான் அக்கா" என்றாள்.

அங்கேதான் எனக்குப் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. எனக்குப் புத்தி வேலை செய்தால் வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள், அதில் நியாயமுண்டு. பிரஷர்தான் சரியாகிவிட்டதே, இனிமேல் மனிதர் ஏன் நடுங்கிக்கொண்டு கிடக்க வேண்டும்? குளிர்ச்சி தேவைப்படுவது மெஷினுக்குள்ளே ஓடுகிற திரவத்துக்கு. வெளியே இருக்கிற உடம்புக்குச் சூடு வைத்தால் அதற்கென்ன? டாக்டரே போர்வை கொண்டுவரச் சொன்னார். போர்வைக்கு அக்காள்தானே வெந்நீர்ப் பை?

புதன்கிழமை, காத்திருக்கும்போது கூலிக்குப் பொத்தான் தைக்க நான் கொண்டுபோகும் பள்ளிச் சட்டைகளுக்கு அடியில் வீட்டிலிருந்த இரண்டு வெந்நீர்ப் பைகளையும் ஒளித்து எடுத்துப்போனேன். கேன்டீனில் வெந்நீர் வாங்கி நிரப்பினேன். மெஷின் ஓடத் தொடங்கி, டெக்னீஷியன் பெண் அந்தக் கோடிக்குப் போன நேரம் பார்த்துக் கமுக்கமாக ஒன்றை முதுகுக்கும் ஒன்றைப் பாதத்துக்கும் கொடுத்து, மேலே போர்வையை இழுத்து மூடினேன். அன்றைக்குப் போர்வையை அவர் உதைக்கவில்லை.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "என்ன பண்ணின நீ?" என்றார் மெதுவாக.

"பேசாம படுங்க."

"நல்லா இருக்கு" என்றார். அவர் முகம் அவ்வளவு இளகி நான் பார்த்துப் பல மாதமாயிற்று. தண்ணீர் ஆறியதும் இன்னொரு தடவை போய் நிரப்பிக்கொண்டு வந்தேன். கொட்டாவி விட்டார். சுகமாகத் தூக்கம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு, நான் நிம்மதியாக ஒரு சட்டைக்கு ஐந்து பொத்தான்களையும் தைத்து முடித்தேன்.

அடுத்த சட்டையின் முதல் பொத்தானுக்கு நூல் கோக்கும்போது மெஷின் அலறியது. பிரஷர் எண்பது. அவர் முகம் வெளுத்து, கண் மேலே சொருகியிருந்தது. டெக்னீஷியன் பெண் ஓடிவருவதற்குள் பைகளை உருவிச் சட்டைகளுக்கடியில் திணித்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, இந்தக் குரங்கு என் புருஷனையே கடித்துவிட்டது. அவர் பழையபடி கண் திறக்கிற வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று எனக்கே தெரியாது.

இரண்டரை மணி நேரத்தில் மெஷினை நிறுத்தினார்கள். டாக்டர் வந்தார். திரவத்தின் சூட்டைப் பார்த்தார், முப்பத்தைந்தரைதான். சீட்டைப் புரட்டினார். "குறைச்சு வச்சும் இறங்குதுன்னா இவருக்கு இது ஒத்துவரலம்மா. இந்தச் சனிக்கிழமையே வந்துடுங்க. எழுதிடறேன்."

நான் சொல்லியிருக்க வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றேன். ஊரையே வாயால் விரட்டுகிற எனக்கு அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை.

"எழுதாதீங்க டாக்டர்" என்றார் அவர், படுத்தபடியே. "நான்தான் வெந்நீர்ப் பை வச்சுக்கிட்டேன். எனக்குக் குளிருது. முதல் நாள்லருந்தே குளிருது. தாங்க முடியல."

வார்டு முழுக்கக் கேட்டது.

"இல்ல டாக்டர், அவர் ஒண்ணும் கேக்கல. நான்தான் வச்சேன்" என்றேன்.

"வேணும்னுதானே நான் பேசாம இருந்தேன். அப்ப நான்தான்."

"நீங்க வாய மூடுங்க. பிரஷர் ஏறிடப் போகுது."

"இப்ப ஏறினா நல்லதுதாம்மா" என்றார் டாக்டர். பேனாவை மூடினார். "வெளியிலருந்து சூடு வச்சாலும் ரத்தக்குழாய் தளரத்தான் செய்யும். இதை நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். குளிருதுன்னு நீங்களும் அன்னைக்கே சொல்லியிருந்தா அரை டிகிரி ஏத்தியிருப்பேனே. வெள்ளிக்கிழமை முப்பத்தாறுல வைப்போம். அன்னைக்கு முடிஞ்சா இன்னைக்கு நடந்ததை நான் கணக்குல எடுத்துக்கமாட்டேன், சனிக்கிழமையும் வேண்டாம்."

வாத்தியார் தலையணையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்பா மெக்கானிக், உடம்புதான பழகிக்கணும்?"

"உங்க வீட்டுக்கு வந்து ஏசியில குளிர்ச்சியைக் குறைச்சு வச்சுத் தரேன் சார்" என்றார் இவர்.

வெள்ளிக்கிழமை போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். அரை மணிக்கு ஒருமுறை பிரஷர் பார்க்கிற கைப்பட்டை இறுகித் தளரும், திரையில் எண் விழும். நான் பொத்தான் தைக்கவில்லை, எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றிருபது, நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினாலு. மூன்றாவது மணி நேரம் தொடங்கியதும் அவர், "குளிருது" என்றார். வாத்தியார் கேட்கும்படியே சொன்னார். பிறகு பட்டை கட்டிய கையைப் போர்வைக்கு வெளியே என் பக்கம் நீட்டினார்.

எனக்குப் பயம். டெக்னீஷியன் பெண்ணைக் கூப்பிட்டேன். "என் கை சூடா இருக்குமேம்மா. பிடிச்சா பிரஷர் இறங்கிடாதே?"

அவள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். "அவ்வளவு சூடு ஒண்ணும் பண்ணாது அக்கா. பிடிச்சுக்குங்க. பட்டை இறுகும்போது மட்டும் ரெண்டு பேரும் ஆடாம இருங்க."

பிடித்துக்கொண்டேன். கை ஐஸாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவராகக் கேட்டு நான் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் மெஷின் மணியடித்து, அவள் வந்து நாலு மணி நேரம் முடிந்தது என்று சொல்லும்வரை நான் விடவில்லை, அவரும் எடுக்கவில்லை.