சிங்கத்துக்குப் பெருக்கிய பாதை

1

இந்தக் கதை என் வீட்டு விளக்குமாற்றிலிருந்து வந்தது. அதை என் கணவர் ரிசிமாத்தி எனக்குத் தெரியாமல் காட்டுக்கு எடுத்துப் போனார். அவர் இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘முன்னொரு நாள் திம்பவாட்டி மண்ணில் ஒரு நட்சத்திரம் விழுந்தது. அதிலிருந்துதான் வெள்ளைச் சிங்கங்கள்…’

(தென்னாப்பிரிக்காவில் எங்கள் காட்டுப் பக்கத்தில் இதை எல்லோரும் சொல்வார்கள். ரிசிமாத்தி அதை நம்பினார். அது போதும்.)

கைவிட்ட வரிகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஏனென்று பின்னால் தெரியும்.

2

ரிசிமாத்திக்குக் காட்டில் விலங்குகளின் தடம் பார்த்துச் சொல்லும் வேலை. ஒரு விடியற்காலையில், ஆற்றோரப் பாதை வளைவில் (எந்த வளைவென்று சொல்லமாட்டேன்) ஒரு பெண்சிங்கம் மூன்று குட்டிகளோடு கடந்துபோனது. தாய் பழுப்பு, இரண்டு குட்டிகளும் பழுப்பு. ‘மூன்றாவது, நிலா வெளிச்சத்தை…’

மூன்றாவது வெள்ளை.

இருபது வருட வேலையில் அவர் கண்ட முதல் வெள்ளை. அப்படிப்பட்டதைத் திருடிக் கூண்டில் வளர்த்து, காசு கொடுத்துச் சிங்கம் சுட வருபவர்களுக்கு விற்கிற ஆட்கள் உண்டு. அதனால் தினமும் எல்லோருக்கும் முன்னால் போய்த் தடங்களைத் துடைத்தார்.

அவர் மனைவிக்குச் சசவோனா என்று பெயர் வைக்கிறேன். ‘நான்’ என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. முதல் வரைவில் அவளைப் பொறுமைசாலி ஆக்கியிருந்தேன். பொய்.

“என் வெளக்குமாறு எங்க?”

“கொஞ்சம் வேல இருந்துச்சு.”

“சிங்கத்துக்கு வாசல் பெருக்குறீங்களோ? இந்த வாசல ஒரு நாளாச்சும் பெருக்கியிருப்பீங்களா?”

“குட்டியோட தடத்த அழிக்கிறேன்டி. எவன் கண்ணுலயும் பட்டுறக் கூடாது.”

“ஏன், தடமும் வெள்ளையாவா விழுது?”

சோளக்களியை உருட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. மறுநாளும் விளக்குமாற்றைக் காணவில்லை.

3

சசவோனாவின் தம்பி கெசானிக்கும் அதே வேலைதான். ஒருநாள் சாப்பிட வந்தவன் சொன்னான்:

“மச்சான், அந்த வளைவுல நாலு நாளா ஒரு தடமும் இல்ல. மான் இல்ல, காட்டுக்கோழிகூட இல்ல. கல்யாண வீட்டு வாசலாட்டம் கெடக்கு. அதுவும் எங்கக்கா பெருக்குற மாதிரியே, பிறை பிறையா!”

ரிசிமாத்தி சிரித்து மழுப்பினார். கெசானி சிரிக்கவில்லை.

“எனக்கே புரியுதுன்னா மத்தவனுக்குப் புரியாதா? எத மறைக்கிறீங்களோ, சும்மா விட்டிருந்தா அது பத்தோட பதினொண்ணு, ஏதோ ஒரு தடம். பெருக்கிவிட்டு நீங்களே ஆள் கூப்பிடுறீங்க.”

அன்றோடு நிறுத்தினார். இரண்டு நாளில் வளைவருகே பழக்கமில்லாத டயர் தடம். ஒரு வாரம் கழித்துத் தாய் வந்தது. கூட இரண்டு குட்டிகள். இரண்டும் பழுப்பு.

‘அவர் அழுதார், ஏனென்றால்’

(அழவில்லை. மூன்று மாதம் தேடி நடந்தார்.)

4

திருடிவிட்டார்கள் என்று முடிக்கலாம். கழுதைப்புலி தின்றது என்றும் முடிக்கலாம். சிங்கக்குட்டிகளில் பாதிக்கு மேல் பெரிதாவதில்லை, நிறம் எதுவானாலும். அந்தப் பழுப்புக் குட்டிகளின் ரத்தத்திலும் வெள்ளை ஒளிந்திருக்கலாம், என்றோ ஒரு பேரக்குட்டியில் திரும்பும் என்றும் ஒரு முடிவு எழுதினேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் கேட்டது அதுவல்ல.

இரண்டு வருடம் கழித்து, காய்ச்சலின் கடைசி வாரத்தில் அவர் கேட்டார்: “நான் பெருக்குனதாலதான் போச்சா?”

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. “எனக்கென்ன தெரியும், வாயத் தெறங்க,” என்றாள் சசவோனா.

சசவோனா இல்லை. நான். நான்தான் அப்படிச் சொன்னேன். அந்த ஒரு பதிலை மாற்றி எழுதத்தான் இத்தனை பக்கம்.

5

போன வாரம் கெசானி வந்தான். “அக்கா, அந்த வளைவுல பெரிய ஆண் சிங்கத்தோட தடம். புதுசு. வர்றியா?”

போனேன். ஏனோ விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டேன். மண்டியிட்டுத் தடத்தின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தேன். தடம் பெரிது. அந்தக் குட்டி பிழைத்திருந்தால் இப்போது நாலு வயதிருக்கும்.

“அந்தப் புதர்லதான் படுத்திருக்கும். வண்டியில உக்காந்திருந்தா வெயில் சாய வெளிய வரும். பாத்துரலாம்.”

“வேணாம்டா, போலாம்.”

“பயமாக்கா?”

“ஆமா.”

தடத்தைப் பெருக்காமல் விட்டு வந்திருக்கிறேன். வெயில் சாயும்வரை அங்கே இருக்க என்னால் முடியவில்லை. நீங்கள் இருங்கள். அது வெளியே வந்தால், என்ன நிறம் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

அவரிடம் சொல்லுங்கள்.