மத்துரின் பார்க்காத லாந்தர்

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த மத்துரினின் மடியில் ஒரு ரொட்டித் துண்டு இருந்தது. உள்ளங்கை அளவுதான். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் அவளுக்குக் கால் எழவில்லை.

இலையுதிர் காலம் வந்துவிட்டால் சொலோன் பக்கத்துக் குளங்களிலிருந்து பனி எழுந்து ஊருக்குள்ளேயே குடியேறிவிடும். பாரிஸில் ராஜாக்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். வோசெல் கிராமத்துக்கு அதெல்லாம் காற்றுவாக்கில் வந்த சேதி. இங்கே வாரம் ஒரு வீடு கோயிலுக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கும். அதற்குமேல் எதுவும் நடக்காது. சாமியார் மந்திரித்ததும் கூடை எல்லாரிடமும் போகும். நற்கருணை வேறு, அதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும். இந்த ரொட்டிக்கு அப்படியெல்லாம் கெடுபிடி கிடையாது, பாவியும் கை நீட்டலாம். கடைசியில் ஒரு துண்டை ஒதுக்கி, அந்த வாரத்துக்காரி அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பாள். வாங்கிக்கொண்ட வீடு வருகிற ஞாயிறு சுட வேண்டும். துண்டு போகாத வீட்டை ஊர் தள்ளிவைத்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த வாரம் மத்துரின் முறை. அடுத்த வீடு சில்வீனுடையது.

சில்வீன் ஜெயிலிலிருந்து திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால், அறுத்த வயலில் ஏழைகள் கதிர் பொறுக்கக் கூடாது என்று பண்ணைக்காரர் கோத்ரி ஆள் வைத்துத் துரத்தினார். பாட்டன் காலத்திலிருந்து ஏழைகளுக்கு இருந்த உரிமை அது. சில்வீன் அவர் முகத்துக்கு நேரே, "உன் வைக்கோல் போர்ல நெருப்பு விழ!" என்று சபித்தாள். அந்த மாதமே போர் எரிந்தது. கோத்ரியின் அக்கா மகன் அந்தப் போரில் சாய்ந்துகொண்டு புகை பிடிப்பான் என்பது ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். ஆனால் நாயைக் கோர்ட்டில் கூப்பிடுவதில்லையே. கூப்பிட்டது மத்துரினை. அவள் குடியிருந்தது கோத்ரியின் குடிசை. "சில்வீன் லாந்தரோட போர்ப்பக்கம் போனதைப் பார்த்தேன்" என்று அவர் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னாள்.

சொன்ன நாளிலிருந்து அந்த லாந்தர் அவளை விடவில்லை. இல்லாத லாந்தர்தான். ஆனாலும் கண்ணை மூடினால் குளத்தங்கரையில் மஞ்சளாக ஆடிக்கொண்டு போகும். பிடித்திருப்பது யார் என்று பார்க்க அவள் பின்னாலேயே ஓடுவாள். தண்ணீர்மேல் நடப்பதுபோல் இருக்கும், கால் நனையாது, லாந்தரும் எட்டாது. வரவர அது கனவுக்கு வெளியேயும் வர ஆரம்பித்தது. பட்டப்பகலில், பனிக்குள், வேலிக்கு அந்தப் பக்கம்.

பாதை பிரியும் இடத்தில் கோத்ரியின் குதிரை வண்டி வந்து நின்றது. கோயில் தர்மகர்த்தாவும் அவர்தான்.

"என்ன மத்துரின், துண்டு செக்குக்காரன் வீட்டுக்குத்தானே போகுது? நடுவுல இருக்கிற அந்த வீடு மூடித்தானே கிடக்கு?"

அவர் தோளுக்குப் பின்னால் சில்வீன் வீட்டுக் கூரையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. மத்துரின் அதைப் பார்த்தாள்.

"ஆமாங்க மிசியே. மூடித்தான் கிடக்கு."

"புத்திசாலி" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இல்லாததைப் பார்த்தேன் என்றாயிற்று, இப்போது இருப்பதைப் பார்க்கவில்லை என்றும் ஆயிற்று. மத்துரினுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது. செக்குக்காரன் வீட்டுப் பக்கம்தான் நடந்தாள். ஆனால் பனிக்குள் அந்த மஞ்சள் வெளிச்சம் அசைந்தது. பழக்க தோஷத்தில் கால் அதன் பின்னாலேயே போயிற்று. வெளிச்சம் மறைந்தபோது அவள் எதிரில் சில்வீனின் கதவு இருந்தது.

சில்வீன்தான் திறந்தாள். தலைமுடியை ஜெயிலில் ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"என்ன, இன்னொரு தடவை எதையாவது பாத்துட்டீங்களா?"

மத்துரின் துண்டை நீட்டினாள். சில்வீன் அதை வாங்காமல், கோத்ரியின் வண்டி தெரிகிறதா என்று பாதையை எட்டிப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப திருட்டுத்தனமா வந்திருக்கீங்க. சரி, குடுங்க. அப்பா விட்டுப்போன வீடு இது, என்னை யாரும் கிளப்ப முடியாது. நான் சுட்டுக் கொண்டுவர்றேன். யார் கை நீட்டுறாங்கன்னு பாப்போம்."

அடுத்த ஞாயிறு சில்வீன் கறுப்பு மாவு ரொட்டியைத் தலைக்குமேல் ஏந்தி, கையில் மெழுகுத்திரியோடு வந்தாள். கிழட்டுச் சாமியாருக்குப் பார்வை மங்கல். யார் கொண்டுவந்தார்கள் என்று பாராமல் மந்திரித்துவிட்டார். முதல் துண்டு வழக்கப்படி தர்மகர்த்தாவுக்கு. கோயில்பிள்ளை கூடையை நீட்டினான். கோத்ரி கையைக் கட்டிக்கொண்டார்.

அவ்வளவுதான். கூடை ஒவ்வொரு பெஞ்சாகப் போயிற்று. எல்லாரும் அவருடைய குடிசைக்காரர்கள். எல்லாக் கைகளும் மடியிலேயே கிடந்தன. தூபப் புகையும் கதவு வழியாக வந்த பனியும் கலந்து, கூடை மட்டும் தனியாக மிதந்து வருவதுபோல் மத்துரினுக்குத் தோன்றியது. தூணோரம் சில்வீன் மெழுகுத்திரியைப் பிடித்தபடி நின்றாள். கூடை அப்படியே நிறைந்து அவளிடம் திரும்பினால், இனி இந்த ஊரில் அவளுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. எடுத்தால் மத்துரினுக்குக் குடிசை கிடைக்காது. கடைசிப் பெஞ்சு மத்துரினுடையது.

அவள் எழுந்து நின்று ஒரு துண்டை எடுத்தாள். வாயில் போட்டு மென்றாள்.

"லாந்தர் எதுவும் இல்லை" என்றாள்.

முன்பெஞ்சுத் தலைகள் எல்லாம் திரும்பின.

"அன்னைக்கு நான் குளிர்காய்ச்சல்ல படுத்துக் கிடந்தேன். ஜன்னல் பக்கமே போகலை. பாத்ததாச் சொல்லச் சொன்னார், சொன்னேன். இந்தப் பொண்ணு வாழ்க்கையை நான்தான் எரிச்சேன்."

"பூசையில பொம்பளை பேசக் கூடாதுன்னு தெரியாதா?" என்று சாமியார் பீடத்திலிருந்து கத்தினார்.

"தெரியும் சாமி. அதுக்கும் சேத்தே தண்டனை குடுங்க."

கோத்ரி தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவர் போனதும் செக்குக்காரன் மனைவி கூடைக்குள் கைவிட்டாள். இன்னும் சிலர் எடுத்தார்கள், பலர் எடுக்கவில்லை. சில்வீன் மத்துரினை ஏறிட்டும் பார்க்கவில்லை.

கோர்ட்டு எதையும் திருத்தவில்லை. போன வருஷங்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. புனித மார்ட்டின் திருநாளன்று, குடிசை ஒப்பந்தங்கள் முடிகிற நாளன்று, கோத்ரியின் ஆட்கள் மத்துரினின் சட்டிபானையையும் ஒற்றைக் கோழியையும் எடுத்துப் பாதையில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். அவள் இரண்டு வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே பேச்சு நின்றதே தவிர, கதவு திறக்கவில்லை. அதற்குமேல் தட்ட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பொழுது சாய்ந்தது. பனி இறங்கியது. கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் குளத்தங்கரையோடு நடந்தாள். எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடப்பது ஒருவகையில் சுகமாகக்கூட இருந்தது. தண்ணீர் எது, பாதை எது என்று தெரியவில்லை. அப்போது அந்த மஞ்சள் வெளிச்சம் வந்தது.

"வந்துட்டியா, வா. இன்னைக்கு என்னைக் கூட்டிக்கிட்டே போயிடு" என்று முணுமுணுத்தாள்.

ஆனால் இன்று அது ஆடவில்லை, விலகிப் போகவும் இல்லை. இவள் நடக்க நடக்க அது கிட்டே வந்தது. எண்ணெய்ப் புகை வாசனை மூக்கில் ஏறியது. கனவில் ஒருநாளும் வாசனை வந்ததில்லை.

சில்வீன் குளத்தை ஒட்டிய தன் வாசலில் நின்று லாந்தரை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"அந்தப் பக்கம் ஆழம்" என்றாள். "கண்ணு குருடா உனக்கு? இவ்வளவு நேரமா காட்டிக்கிட்டே நிக்கிறேன், கை கடுக்குது."

மத்துரினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சில்வீன், என்னை நீ மன்னி..."

"அந்தப் பேச்சே வேண்டாம். மன்னிக்கலை. மன்னிப்பேனான்னும் தெரியலை." லாந்தரைச் சற்றுத் தாழ்த்தி, மத்துரினின் காலடிச் சேற்றுக்கு வெளிச்சம் காட்டினாள். "மரச்செருப்பை வெளியே கழட்டிட்டு உள்ள வா. இப்பத்தான் தரையைக் கழுவி விட்டேன். கோழியையும் கொண்டா."