வெள்ளிக்கிழமை இரண்டு மணிப் பட்டியல்

மாணவர் பிரிவு ஜன்னலின் கண்ணாடியைக் கழற்றிய அன்றே அங்கே குமாஸ்தாவாக இருந்த ராடொய்காவுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

இருபத்திரண்டு வருடங்களாக அந்தக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. மாணவர்கள் இடுப்பை வளைத்து அந்த ஓட்டைக்கு நேராக வாயை வைத்துத்தான் பேசுவார்கள். யாருடைய முகமும் அவளுக்கு முழுதாகத் தெரிந்ததில்லை. ஆனால் மோராவா ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தில் யார் எந்தத் தேர்வில் எத்தனை தடவை தோற்றார்கள் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் ஜன்னல். பன்னிரண்டு அடித்ததும் பலகையை இறக்கிவிடுவாள். வெளியே எத்தனை பேர் நின்றாலும் சரி.

இப்போது கண்ணாடியும் இல்லை, பலகையும் இல்லை. அந்த இடத்தில் ஒரு மேஜை, எதிரே இரண்டு நாற்காலிகள். மேஜைக்குப் பின்னால் நெவெனா. இருபத்தெட்டு வயது, செப்டம்பரில் பெல்கிரேடிலிருந்து வந்தவள். எட்டு மணியிலிருந்து நாலு மணி வரை அங்கேயே இருந்தாள். மாணவர்கள் அவள் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். படிவம் நிரப்பும்போது சிரிக்க என்ன இருக்கிறது என்று ராடொய்காவுக்குப் புரியவே இல்லை.

"ராடா அக்கா, காபி போடட்டுமா?" என்பாள் நெவெனா, நாளுக்கு மூன்று தடவை.

"நான் குடிச்சாச்சு," என்பாள் ராடொய்கா. குடித்திருக்க மாட்டாள்.

வேலை முடிந்தால் மாணவர்கள் ஒரு காபிப் பொட்டலம் வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். நெவெனாவின் மேஜையில் பொட்டலங்கள் கோபுரமாக ஏறிக்கொண்டிருந்தன. ராடொய்காவிடம் அந்த மாதம் ஒரே ஒரு பொட்டலம் வந்தது. கொண்டுவந்த பையன் அதை நீட்டிக்கொண்டே, "நெவெனா மேடம் இல்லையா? சரி, அவங்க வந்தா இதைக் குடுத்துடுங்க," என்றான். அவள் அதை நெவெனாவின் மேஜையில் பொத்தென்று போட்டாள்.

பொட்டலத்தையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் சிதறிக் கிடந்த மூன்று பிரிவுகளையும் ஒன்றாக்கப் போவதாக டீன் ஸ்தோய்கோவிச் சொல்லியிருந்தார். மாணவர்கள் இனி எதற்கும் மாடி மாடியாக அலைய வேண்டாம். புதிய அலுவலகத்துக்குத் தலைவி இந்த இருவரில் ஒருத்தி. யார் என்று திங்கட்கிழமை சொல்வார். பத்து வருடங்களாகத் தலைவி பதவி ஒன்று ராடொய்காவின் கண்முன்னே ஆடிக்கொண்டிருந்தது.

அவளிடம் மீதியிருந்தது ஒன்றே ஒன்று, விடுதிப் பட்டியல்.

விடுதி இடத்துக்கு இந்த வருடம் எல்லோரும் கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பித்துவிட்டார்கள். அக்டோபர் மழையில் யாரும் வரிசையில் நிற்கவில்லை. அதுவும் நெவெனாவின் வேலைதான். ஆனால் ஊரின் மறுகோடியில் இருந்த விடுதியில் கட்டில் ஒதுக்கும் ரடோமிர் என்ற கிழவன் கம்ப்யூட்டரில் வருவது எதையும் நம்பமாட்டான். வட்ட முத்திரை குத்திய காகிதம் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குள் அவன் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் கட்டில்கள் பொருளாதாரத் துறை மாணவர்களுக்குப் போய்விடும். இது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் ராடொய்காவே ஆறாம் எண் பஸ்ஸில் கைப்பையோடு போய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

அந்த வாரத் தொடக்கத்தில் நெவெனா கேட்கவும் கேட்டாள். "அக்கா, விடுதி விஷயத்துல நான் எதையாவது விட்டுட்டேனா?"

"அதான் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கே."

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று ராடொய்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மதியத்துக்கு வாங்கிவந்த பூரெக் பலகாரம் ஆறி எண்ணெய் உறைந்து கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. கண் கடிகாரத்திலேயே இருந்தது. திங்கட்கிழமை டீன் தலையில் கைவைத்துக்கொண்டு, "எல்லாம் தெரிஞ்ச ஆள் ராடொய்கா ஒருத்திதான்," என்று சொல்வதைப் போல நூறு தடவை நினைத்துப் பார்த்தாள். நூறு தடவையும் இனித்தது.

ஒரு மணி தாண்டி சென்கா என்ற முதலாண்டுப் பெண் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மலைப்பக்கத்துப் பெண். காலணியில் சேறு.

"மேடம், என் கட்டில் உறுதிதானே? அப்பா பெட்டியோட பஸ் ஸ்டாண்டுல நிக்கிறார். இல்லைன்னா இப்பவே திரும்பக் கூட்டிட்டுப் போயிடறேன்னு சொல்றார்."

"உறுதிதான் சென்கா. நாளைக்குச் சாவி வாங்கிக்கலாம். அப்பாவைப் போய்ச் சூடா ஏதாவது சாப்பிடச் சொல்லு," என்றாள் நெவெனா.

அந்தப் பெண் எழுந்தாள். போகிற போக்கில் ராடொய்காவின் பக்கமும் திரும்பி, "வரேன் மேடம்," என்றாள். அன்று முழுக்க அவள் பக்கம் திரும்பியது அந்த ஒரு முகம்தான்.

ஒன்று இருபது. ஒன்று இருபத்தைந்து.

"பட்டியலை அச்செடு," என்றாள் ராடொய்கா.

"எந்தப் பட்டியல்?"

"விடுதிப் பட்டியல். அறுபத்து மூணு பேரும். காகிதத்துல வேணும். ரெண்டு மணிக்குள்ள ரடோமிர் கையில இருக்கணும்."

நெவெனாவின் முகம் வெளுத்தது. உடனே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். அச்செடுத்தாள். ராடொய்கா முத்திரை குத்தினாள். பஸ்ஸுக்கு நேரமில்லாததால் நெவெனாவின் காரிலேயே பறந்தார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு அடித்து நாலு நிமிடம். ரடோமிர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"நீ வரமாட்டேன்னே நெனச்சேன் ராடா. பொருளாதாரத்துக்காரன் காலைலேர்ந்து இங்கயே தவம் கிடக்கிறான்," என்றான். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கி முத்திரையைப் பார்த்தான். "உனக்காக நாலு நிமிஷம் என் கடிகாரம் நின்னு போச்சுன்னு வச்சுக்கோ. இந்தப் பொண்ணு யாரு?"

"புதுசு."

"காபி குடிப்பியாம்மா?" என்று அவன் நெவெனாவைப் பார்த்துக் கேட்டான். இருபத்திரண்டு வருடங்களில் ராடொய்காவை அவன் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் கார் நின்றது. "நான் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியும், இல்லையா?" என்றாள் நெவெனா.

"தெரியும்."

விளக்கு பச்சையானது. நெவெனா காரை எடுத்தாள்.

திங்கட்கிழமை டீன் இருவரையும் அழைத்தார். பட்டியல் தாமதமாக வந்ததென்று பொருளாதாரத் துறையிலிருந்து அவருக்குத் தகவல் போயிருந்தது. யாருடைய தவறு என்று கேட்டார்.

"என் தப்புதான் சார்," என்றாள் நெவெனா. "எனக்கு அந்த நடைமுறை தெரியாது. அக்கா சொல்லலைன்னா அறுபத்து மூணு பேரும் தெருவுல நின்னிருப்பாங்க."

டீன் நாற்காலியில் சாய்ந்து ராடொய்காவைப் பார்த்துப் புன்னகைத்தார். "இதுக்குத்தான் அனுபவம் வேணும்கிறது. நானும் முடிவு பண்ணிட்டேன். புது அலுவலகத்தை நீங்களே..."

ராடொய்கா நெவெனாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, ஏளனமும் இல்லை. அமைதியாக இருந்தாள். கண்ணாடி போனபோதும் காபிப் பொட்டலங்கள் போனபோதும் எரியாத அளவுக்கு அந்த அமைதி அவளை எரித்தது. மாணவர்கள் இவளுக்கு, ரடோமிரின் காபி இவளுக்கு, இப்போது நல்ல மனசும் இவளுக்கேவா? அந்தப் பதவி இவள் போடும் பிச்சையாகவா வரவேண்டும்? தினமும் தலைவி நாற்காலியில் உட்கார்ந்து எதிரே இந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இவளோ ஒருநாளும் சொல்லிக்காட்ட மாட்டாள்.

"அவ தப்பு இல்ல சார்," என்றாள். "அவ என்கிட்ட கேட்டா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல."

டீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப மாட்டிக்கொண்டார். மேஜைமேல் இருந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

தலைவி நாற்காலி போய்விட்டதென்று ராடொய்காவுக்குத் தெரியும். ஆனால் அவள் அவரைப் பார்க்கவில்லை. நெவெனாவின் கழுத்திலிருந்து காது வரை சிவப்பு ஏறியிருந்தது. "அக்கா, நான்..." என்று தொடங்கினாள். செப்டம்பரிலிருந்து முதல்முறையாக அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ராடொய்கா அதை ஆசை தீரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.