முதல் கவளம் யார் கையால்

மோத்தி என் நாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தாதர் காலனியில் வேறு மாதிரி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அம்மா போன பிறகு மாடியில் மூன்று அறைக்கு நான் ஒருத்திதான். பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மழை நாளில் படியேறி வந்து என் கால்மிதியில் சுருண்டு படுத்தான் மோத்தி. அன்றிலிருந்து நான் திட்டினால் கேட்டுக்கொள்ள ஒருவன் இருந்தான்.

நாங்கள் பார்ஸிகள். சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளம் நாய்க்கு. அது வாங்கிக்கொண்ட பிறகுதான் நமக்கு. அம்மா காலத்தில் அதை வாசலில் வைத்துவிடுவோம், ஏதாவது தெருநாய் தின்றுவிட்டுப் போகும். மோத்தி வந்த பிறகு நான் கையாலேயே ஊட்டினேன்.

அப்புறம் அவன் தாமதமாக வர ஆரம்பித்தான். கவளத்தை நீட்டினால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். மீசையில் கொத்துக்கறிக் கீமா வாசனை! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒரு மத்தியானம் பின்னாலேயே இறங்கிப் போனேன்.

கீழ் வீட்டுக் கெர்ஸி. மனைவியை இழந்தவன், கதவைச் சாத்தாதவன். அவன் நாற்காலிக்குக் கீழே என் மோத்தி மல்லாந்து கிடந்தான்.

"ஏய் கெர்ஸி, என் நாயை என்ன பண்றே?"

"உன் நாயா? இவன் ஜெனரல். எங்க, நீ கூப்பிடு பாப்போம்."

"மோத்தி!" என்றேன். வாலை ஆட்டினான், எழுந்திருக்கவில்லை.

"ஜெனரல்!" என்றான் கெர்ஸி. துள்ளியெழுந்து அவன் மடியில் முன்காலைத் தூக்கி வைத்தான் துரோகி.

"கீமாவைப் போட்டு மயக்கி வெச்சிருக்கே. ஒண்டியா இருக்கறவகிட்டேருந்து நாயைப் பிடுங்கறியே, வெக்கமா இல்ல?"

"நான் மட்டும் என்ன, பத்துப் பேரோட குடும்பம் நடத்தறேனா?"

இருக்கட்டும் என்று கருவிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோத்தியை உள்ளே விட்டுக் கதவைத் தாழிட்டேன். ஆட்டுக்கறியும் பருப்பும் போட்டு, ஞாயிறானால் எங்களவர் வீடுகளில் வேகும் தன்சாக்கை மணக்க மணக்கச் சமைத்தேன். சோற்றில் விட்டு முதல் கவளத்தைப் பிசைந்து நீட்டினேன். அவன் கதவைப் பிராண்டினான். "என்ன குறைச்சல்டா இதுல?" என்று கெஞ்சினேன், அதட்டினேன். வாங்கவே இல்லை. அவன் வாங்காமல் நான் எப்படிச் சாப்பிடுவது? தட்டை மூடி வைத்தேன். சாயங்காலம் வரை கதவடியிலேயே முனகிக்கொண்டு கிடந்தான். எனக்கோ பசியில் தலை சுற்றியது. எல்லாம் அந்தக் கெர்ஸியால் வந்த வினை, இன்றைக்கு உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று மோத்தியையும் இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

கெர்ஸி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் தட்டிலும் ஞாயிற்றுக்கிழமைத் தன்சாக்தான், நெய் உறைந்து கிடந்தது. ஒரு வாய்கூடத் தொடவில்லை.

"இன்னும் சாப்பிடலையா நீ?"

"ஜெனரல் வரலையே."

"காலனியில வேற நாய்க்கா பஞ்சம்?"

"வேற நாய்க்கு வெச்சா எனக்கு எறங்காது, தெஹ்மி. எங்கயாவது வண்டியில அடிபட்டுட்டானோன்னு காலைலேருந்து காலனி கேட்டுக்கும் வீட்டுக்கும் நடக்கறேன்."

கழுத்து வாரை விட்டுவிட்டேன். மோத்தி ஓடினான். கெர்ஸி ஆறிப்போன சோற்றைப் பிசைந்து நீட்ட, கை வரைக்கும் நக்கித் தின்றான். நாள் முழுக்க நாயை எங்கே வைத்திருந்தாய் என்றுகூட அந்த மனிதன் என்னைக் கேட்கவில்லை. பரீட்சையில் தேறிய பையன் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

அதுவரை கெர்ஸிமேல் இருந்த பொறாமை நின்ற இடத்திலேயே நாய்மேல் திரும்பியது. ஆமாம், நாய்மேல்தான். அம்மாவுக்குப் பிறகு எனக்காக யார் இப்படிச் சோறு ஆற ஆறக் காத்திருந்தார்கள்?

"நான் வரலேன்னா இப்படிப் பட்டினி கெடப்பியா?" வாய் தவறி வந்துவிட்டது.

கெர்ஸி என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீ என்னிக்காவது வரேன்னு சொல்லியிருக்கியா? வந்தா சண்டை போடத்தானே வர்றே."

அதற்குள் மோத்தி எதிர் நாற்காலியில் ஏறி, தன் சொத்து மாதிரி உட்கார்ந்துவிட்டான். கழுத்தைப் பிடித்து இறக்கினேன்.

"எறங்குடா. இது என் எடம்."

கெர்ஸி இன்னொரு தட்டு எடுக்க எழுந்தான்.