பொம்மைப் பீரங்கி

தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த செல்போன் மறுபடியும் சரிந்து விழுந்தது. தம்பி அதை எடுத்து, இந்த முறை அக்காவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டியை முட்டுக் கொடுத்து நிறுத்தினான். திரையில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் தெரிந்தது. அருங்காட்சியக முற்றத்தில் நிற்கும் பழைய பீரங்கியின் வாய் அது.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றாள் அக்கா. ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து குரல் பாதிதான் வெளியே வந்தது.

"துளை போட ரெடி பண்றாங்க. நீ கொஞ்சம் கண்ணை மூடிக்கோயேன், நான் எழுப்பறேன்."

"மூடினா அப்புறம் திறக்குமான்னு தெரியல. வேண்டாம்டா."

தம்பி திரையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பினான். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே ஆயுசில் பாதி போயிருந்ததால், பயம் வந்தால் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். இப்போது அது கட்டிலின் சக்கரத்தை மிதித்துக்கொண்டிருந்தது.

அக்கா கல்லூரியில் வரலாறு நடத்தியவள். அவளுக்குப் பிடித்த வரலாறு ராஜாக்களுடையது அல்ல, அவர்கள் கையில் இருந்த சாமான்களுடையது. கத்தி, கேடயம், துப்பாக்கி, பீரங்கி. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எந்த வாளின் பிடி எப்படி இருக்கும் என்று ஆரம்பித்துவிடுவாள். எதிரே இருப்பவர்கள் அவசரமாக மோர் கேட்பார்கள். சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயரே பீரங்கி. அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

முற்றத்துப் பீரங்கிக்கு முன்னால் ஒரு பலகை உண்டு. 'ஊர்வலத்துக்காக வார்க்கப்பட்ட அலங்காரப் பீரங்கி. உள்ளே துளை இல்லை. சுட இயலாது.' ஊழியர்களுக்கு அது வெறும் பொம்மை. வருகிறவர்கள் குழந்தைகளை அதன்மேல் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் முளையில் காவலாளி தன் சாப்பாட்டுப் பையை மாட்டி வைப்பார். ஒருநாள் அக்கா விரலை மடக்கி அதன் உடம்பைத் தட்டினாள், பிறகு வாயைத் தட்டினாள். உடம்பு கணீரென்றது, வாய் மொத்தென்றது. காவலாளி வந்து அதட்டினார். அவரையும் ஒருமுறை தட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

வாயில் இருப்பது இரும்பு இல்லை, மரம் என்பது அவள் முடிவு. மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க யாரோ ஒரு காலத்தில் மரக்கட்டையை அடித்து வாயை மூடியிருக்கிறார்கள். அதன்பின் வருஷா வருஷம் ஆய்வுக்கு மேலதிகாரி வருகிறார் என்றால், வாயையும் சேர்த்து கறுப்பு பெயிண்ட். முதலில் அளந்தவர் துளை இல்லை என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் பெயிண்டைப் பார்த்து அதையே எழுதினார்கள்.

சுரண்டிப் பார்க்க அனுமதி வேண்டும், ஆள் வேண்டும், கருவி வேண்டும். பல்கலைக்கழகத்தில் கொலைக்கருவிக்கெல்லாம் நிதி இல்லை என்றார்கள். ராணுவத்தின் ஆராய்ச்சிப் பிரிவோ, புதிய ஆயுதமானால் சொல்லுங்கள் என்றது. "வியாதியைப் படிக்கிறவனைப் பார்த்து, உனக்கு வியாதி பிடிக்குமான்னு யாராவது கேப்பாங்களா?" என்று வீட்டுக்கு வந்து தம்பியிடம் கத்தினாள். அவளுக்கு ஆயுதம் பிடிக்குமோ என்ற கேள்வி அவனுக்கும் உள்ளுக்குள் இருந்தது என்பதால், சாப்பிடு சாப்பிடு என்று பேச்சை மாற்றினான்.

கடைசியில் ஒரு சின்ன அறக்கட்டளை கை கொடுத்தது. ஆயுதங்களின் வரலாற்றை ஆராய்கிறவர்களுக்கு உதவுவதுதான் அவர்கள் வேலையே. ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. ஆய்வாளர் இறந்துபோனால் ஆய்வு அத்தோடு நின்றுவிடும். அதற்குள் ஒரு முடிவு கண்டிருந்தால் மட்டும் வேறொருவரைக் கொண்டு தொடர்வார்கள். அக்கா அதைப் படித்துவிட்டுச் சிரித்தபடி கையெழுத்துப் போட்டாள். வியாதி தெரிய வந்தது அதற்குப் பிறகுதான்.

துளை போடுவதற்கு அடுத்த வாரம் என்று நாள் குறித்திருந்தார்கள். இன்று காலையில் டாக்டர் அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நாளைக்கு என்று எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அவன் மாணவர்கள் ஓட்டும் காரையே எடுத்துக்கொண்டு நேராக அருங்காட்சியகத்துக்குப் போனான்.

காப்பாட்சியர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய தயக்கம் அவரிடம் நிறைய இருந்தது. அடுத்த வாரம் எல்லாம் முறைப்படி நடக்கப்போகிறதே, இப்போது என்ன அவசரம் என்றார்.

"அடுத்த வாரம் அக்கா இருக்க மாட்டாங்க, சார்."

அந்த வாக்கியத்தை அதுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை, தனக்கே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

காப்பாட்சியர் முன்னால் இருந்த கோப்பை மூடி வைத்தார். "உள்ள ஒண்ணுமே இல்லைன்னா? இந்த நேரத்துல அவங்க மனசு உடைஞ்சு போயிடாதா?"

"ஒண்ணும் இல்லைன்னாலும் அவங்களே பார்த்துட்டுப் போகட்டும், சார்."

அவர் போனை எடுத்து அறக்கட்டளையின் செயலாளரைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் மறுபேச்சுப் பேசவில்லை. நாங்கள் உதவுவது கேள்விக்குத்தான், பதில் எதுவானாலும் பரவாயில்லை என்றவர், குழாய்க் கேமராவோடு ஆளைக் கையோடு அழைத்து வருவதாகச் சொன்னார்.

இப்போது திரையில் அந்த ஆளின் கை தெரிந்தது. மின்சாரத் துளைப்பான் கூடாது, கையால்தான் சுற்ற வேண்டும் என்று அக்கா ஆரம்பத்திலேயே பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். ஆராய்ச்சிக்காரர்களின் வீண் அலட்டல் என்று தம்பி நினைத்திருந்தான். கை சுற்றியது. கறுப்புத் தூள் உதிர்ந்தது. பிறகு உதிர்ந்த தூள் பழுப்பாக இருந்தது.

"மரம்," என்றாள் அக்கா. "மரம்டா!"

முகமூடியைத் தானே இழுத்து விலக்கினாள். நர்ஸ் ஓடிவந்து மறுபடி மாட்டப்போய், திரையைப் பார்த்துவிட்டு அவளும் அப்படியே நின்றாள்.

கேமராக் குழாய் துளைக்குள் நுழைந்தது. துருவேறிய சுவர்கள் தெரிந்தன. குழாய் போனது, போய்க்கொண்டே இருந்தது. அக்காவின் விரல்கள் தம்பியின் மணிக்கட்டை நெரித்தன. இத்தனை பலம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு குழாய் நின்றது. எதிரே உருண்டையாக ஏதோ வழியை மறித்தது. கல்லாக இருக்கும் என்றார் காப்பாட்சியர்.

அக்கா பார்த்தாள். அவள் முகம் கணத்தில் மாறியது. வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற முகம் அது.

"எல்லாரும் பக்கவாட்டுல நகருங்க. வாய்க்கு நேரா யாரும் நிக்காதீங்க. குழாயை மெதுவா எடுக்கச் சொல்லு. அது குண்டுடா. அதுக்குப் பின்னாடி வெடிமருந்து இருக்கும். உள்ள திணிச்சு வச்சுட்டு, சுடாமலே போயிட்டாங்க."

தம்பி அதை அப்படியே போனில் திருப்பிச் சொன்னான். மறுகணம் திரை ஆகாயத்தைக் காட்டியது, தரையைக் காட்டியது, வேகமாக ஓடும் யாருடைய செருப்பையோ காட்டியது. போனைப் பிடித்திருந்தவர் காப்பாட்சியர்தான்.

அக்கா சிரித்தாள். இருமலும் சிரிப்புமாகத் தோள் குலுங்கியது. "உன்னை அதுமேல உக்கார வச்சு அப்பா போட்டோ எடுத்தாரே, ஞாபகம் இருக்கா? காலை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினியே."

தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அழுகையும் கூடவே வந்தது. எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் இரண்டையும் சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டான்.

ஒரு சுவருக்குப் பின்னாலிருந்து காப்பாட்சியரின் முகம் திரைக்கு வந்தது. மூச்சு வாங்கியது. "நீங்க சொன்னதுதான் சரி, மேடம். நாங்க எல்லாரும் பெயிண்டைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கோம்."

"பலகையை மாத்துங்க சார்."

"என்ன எழுதணும்னு சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

அவள் யோசித்தாள். அவசரமே இல்லாமல் யோசித்தாள். "போருக்காக வார்க்கப்பட்டது. சுடத் தயார் நிலையில் உள்ளது."

செயலாளர் அம்மாளும் திரைக்குள் எட்டிப் பார்த்தார். முடிவு கிடைத்துவிட்டது, ஆய்வு நிற்காது, யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்டார். அக்கா தன் பழைய மாணவி ஒருத்தியைச் சொன்னாள். அவசரக்காரி, ஆனால் காது நல்ல காது என்றாள்.

மதியத்துக்கு மேல் நர்ஸ் தலையணையைச் சரிசெய்தாள். காப்பாட்சியர் ஓடிய ஓட்டத்தைத் தம்பி மூன்றாவது தடவையாக நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். அவன் நடித்து முடித்தபோதும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, மூச்சு மட்டும் இல்லை. அவன் போனை அணைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

மறுநாள் அமரர் ஊர்தியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கால் பிரேக்கைத் தேடவில்லை. அருங்காட்சியகத் தெரு வந்ததும் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னான்.

முற்றத்தில் பீரங்கியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. பழைய பலகையைப் பிடுங்கிய இடத்தில் ஈர மண் தெரிந்தது. காவலாளி தன் நாற்காலியை வெகுதூரம் தள்ளிப் போட்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினார். அவருடைய சாப்பாட்டுப் பை அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.