சத்தம் ஆகாது

தையல்காரர் பெண்டாட்டிக்குத் தலையில் அறுவை சிகிச்சை நடந்தபோது டாக்டர் சொன்னது ஒரே வரிதான்: "கொஞ்ச நாளைக்குச் சத்தம் ஆகாது." இந்த மனிதர் 'கொஞ்ச நாளை'த் தூர எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வீட்டிலிருந்த தையல் மெஷின் கடைக்குப் போயிற்று. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கோட்டுத் துணியில் உறை தைத்து மாட்டினார். மகள் சிரிக்க வாயெடுத்தால் உதட்டில் விரல் வைப்பார். நாளடைவில் விரலுக்கும் வேலையில்லாமல் போயிற்று. வாசற்படியை மிதித்தாலே யாருக்கும் குரல் தானாக இறங்கிவிடும். தெருவையே கூட்டிவிடும் மச்சினிகூட அங்கே காதோடுதான் பேசுவாள். தலையில் போட்ட தையல் ஆறி வருஷக்கணக்கான பிறகும் இதே கூத்துதான்.

ஒருநாள் பெண்டாட்டி, "நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேங்க," என்றாள்.

"அங்க கீழ தகரப் பட்டறை. தலை வெடிச்சிடும்."

"வெடிச்சா வெடிக்கட்டும். இங்க நான் உயிரோடதான் இருக்கேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. எழவு வீட்டுலகூட நாலு பேர் பேசுவாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. ராப்பகலாய்ப் பார்த்துக்கொண்டதற்கு இதுவா கூலி என்று மனசு கசந்தது. போகட்டும், தலைவலி என்று தானாக வந்து நிற்பாள் என்றிருந்தார். வரவில்லை. இவருக்குச் சோறு இறங்கவில்லை. வீம்பை விட்டு, அழைத்துவரப் புறப்பட்டார்.

மாடிப்படியிலேயே அவள் குரல் கேட்டது. கீழே சுத்தியல்கள் போடும் போட்டில், அதற்கு மேலே கத்திக்கொண்டிருந்தாள்.

"நாற்காலிக்கே கால்சட்டை தைச்ச மனுஷன்டி உங்க மாமா," என்று தங்கையிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமான புதிதில், இவர் மெஷினை மிதிக்க மிதிக்க அதற்கு மேலே சிரித்த அதே சிரிப்பு. அதை நோய் கொண்டுபோய்விட்டது என்றல்லவா நினைத்திருந்தார். ஐயோ, கொண்டுபோனது இந்தக் கைதான்.

கதவருகே பூனைபோல் போய் நின்றார். பழக்கம். அவரைக் கண்டதும் சிரிப்பு பட்டென்று நின்றது. "வாங்க," என்றாள். உதடுதான் அசைந்தது. அதுவும் பழக்கம்.

"வீட்டுக்கு வந்துடு. மெஷினைத் திரும்பக் கொண்டாந்து போட்டுடறேன்."

"என்னங்க? கேக்கல."

மறுபடி சொன்னார். உரக்கத்தான் சொல்லப் பார்த்தார், தொண்டை எழும்பவில்லை. சுத்தியல் சத்தத்தில் அதுவும் அடிபட்டுப்போயிற்று. அவள் மருந்து வேளைக்குக் காத்திருப்பவளைப்போலக் கைகட்டி நின்றாள்.

"ஒண்ணுமில்ல. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பினார்.

பாதிப் படியில் நின்று, மறுபடி சிரிக்கிறாளா என்று காத்திருந்தார். சிரித்தாள். அதன் பிறகுதான் மனிதருக்கு அழுகை வந்தது. அதையும் சத்தமில்லாமல்தான் அழுதார்.