ஓம் என்று சொல்லாதவள்

“ஓமெண்டு சொல்லு” என்று கட்டிலின் மறுபக்கத்தில் நின்ற பிலோமினா சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். எமில்டா அதைக் கண்டும் காணாதவள்போல, தண்ணீரில் நனைத்த பஞ்சுக் குச்சியைக் கணவனின் காய்ந்த உதடுகளில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

அன்புராசா கண்களைத் திறந்தபடி கிடந்தான். மாசியில் கண்டுபிடித்த வயிற்றுப் புற்றுநோய், சித்திரை முடிவதற்குள் அவனை ஆஸ்பத்திரியின் இந்த அறைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. பாண் லொறி ஓட்டிப் பழகிய தோள்கள் போர்வைக்குள் கரைந்துபோய்விட்டன. குரல் மட்டும் பழைய குரல்.

“பிள்ளை குவெல்ஃப் ஸ்கூலுக்குத்தான் போவாள் எண்டு சொல்லு, எமில்டா. கேட்டிட்டுக் கண்ணை மூடுறன்.”

“குச்சியைக் கடிக்காதேங்கோ.”

“கதையை மாத்தாதை.”

அறை வாசலில் நின்ற கிளிபோட் அருகே வந்து அவள் காதோடு சொன்னான். அவன் அன்புராசாவின் அக்கா பிலோமினாவின் கணவன். அன்புராசாவோடு சின்ன வயதிலிருந்தே கூடித் திரிந்தவன். “ஒரு சொல்லுத்தானே, தங்கச்சி. இப்ப சொல்லிவிடன். பிறகு நடக்கிறதைப் பிறகு பாப்பம்.”

எமில்டா குச்சியைக் கிண்ணத்தில் வைத்தாள். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது எவ்வளவு சுலபமான காரியமாகத் தெரிந்தது என்பதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. சாகப்போகிறவனுக்கு ஒரு பொய்யைக் கொடுத்து அனுப்பிவிடலாம். குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல.

செரீனா அவர்களுடைய ஒரே பிள்ளை. பதின்மூன்று வயது. மோர்னிங்சைட்டில் சமூக நிலையம் ஒன்றில் நடந்த பாலே வகுப்புக்கு நாலு வயதில் விளையாட்டாகக் கொண்டுபோய் விட்டார்கள். மற்றப் பிள்ளைகள் அழுதுகொண்டு தாய்மாரிடம் ஓட, இவள் வகுப்பு முடிந்த பிறகும் வரமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு திரிந்தது அன்புராசாதான். விடியப்புறம் பேக்கரிக்குப் பாண் ஏற்றப் போய் மத்தியானம் வீடு திரும்புகிறவன் என்பதால், பின்னேர வகுப்புகளுக்கு அவனால் போக முடிந்தது. வெள்ளைக்காரத் தாய்மாருக்கு நடுவே கதிரையில் தூங்கி விழுவான். பரதநாட்டியம் பழக்கியிருக்கலாமே என்று கேட்ட சொந்தக்காரருக்கெல்லாம் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது: “அவளுக்கு உதுதான் பிடிச்சிருக்கு.”

போன மார்கழியில் ஆசிரியை இருவரையும் கூப்பிட்டு, தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தாயிற்று என்றார். இனி அவள் பகல் முழுக்க ஆடுகிற இடத்துக்குப் போகவேண்டும், அங்கேயே தங்கிப் படிக்கவேண்டும். இரண்டு பள்ளிகள் இடம் கொடுத்தன. ஒன்று குவெல்ஃபில், காரில் ஒன்றேகால் மணித்தியாலம். மற்றது எட்மன்டனில், விமானத்தில் நாலு மணித்தியாலம்.

குவெல்ஃபுக்கு மூன்று பேரும் போனார்கள். ஆற்றங்கரையில் பழைய கல் கட்டடம். செரீனா கையைத் தூக்கினால் வாவ், காலைத் தூக்கினால் வாவ். அதிபர் தன் நெஞ்சில் கைவைத்து, இப்படி ஒரு பிள்ளையை நாங்கள் பார்த்ததே இல்லை என்றார். திரும்பி வரும்போது அன்புராசா ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். வெள்ளி பின்னேரம் வந்து ஏற்றுவது, ஞாயிறு பூசை முடியக் கொண்டுபோய் விடுவது என்று எல்லாம் அந்தப் பயணத்திலேயே முடிவாகிவிட்டது.

எட்மன்டனுக்குத் தாயும் மகளும் மட்டும்தான் போனார்கள். அப்போதே அவனுக்கு வயிற்று நோ தொடங்கியிருந்தது. வாய்வு என்று நினைத்திருந்தார்கள். அங்கே நரைமுடியைக் கட்டையாக வெட்டிய ஒரு மெலிந்த பெண் செரீனாவை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தாள். நல்லது என்று ஒரு வார்த்தை இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற எமில்டாவுக்கு உள்ளே போய்ப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது. பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தாள். பசியோடு வந்தவளுக்கு முன்னால் சோற்றை வைத்ததுபோல இருந்தது அந்த முகம்.

பாலே உடுப்பின் இளஞ்சிவப்புக் காலுறையை எமில்டா எப்போதும் சாயத் தேத்தண்ணியில் ஊறவைத்துத்தான் மகளின் தோலின் நிறத்துக்குக் கொண்டுவருவாள். எட்மன்டனில் உடுப்புகளுக்குப் பொறுப்பானவள் ஒரு லாச்சியை இழுத்தாள். உள்ளே மண்ணிறத்தில் எத்தனை வகை உண்டோ அத்தனை வகைக் காலுறைகளும் அடுக்கியிருந்தன. இங்கே படிக்கிற எல்லோரும் டான்ஸர் ஆகிவிடுவார்களா என்று எமில்டா கேட்டதற்கு, “இல்லை, சிலர்தான்” என்று அந்த மெலிந்த பெண் முகத்துக்கு நேரே சொன்னாள். எமில்டாவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

அன்புராசாவுக்கு எட்மன்டன் என்ற பெயரே ஆகவில்லை. அதன் காரணமும் எமில்டாவுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் நெடுந்தீவிலிருந்து அவனைப் படகில் ஏற்றி, யாழ்ப்பாணத்தில் குருமார் நடத்திய போடிங்கில், மாணவர் விடுதியில், விட்டார்கள். சண்டை தொடங்கியிருந்த காலம், தீவில் இருந்தால் பிள்ளை மிஞ்சமாட்டான் என்ற பயம். கிளிபோட்டும் அதே போடிங்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். இவர்கள் இரண்டு பேரும் மதிலில் ஏறி இருப்பார்கள். பிறகு சண்டை பெருத்தது, கடல்வழி மூடியது. அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து விமானமேறி இந்த நகரத்துக்கு, பார்க்டேல் பகுதியில் ஏழுபேர் படுத்த ஓர் அறைக்கு. தாய் இறந்த செய்தி அவனுக்குப் பார்க்டேலில்தான் கிடைத்தது. போடிங் என்ற சொல்லைக் கேட்டாலே அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைப்பான். குவெல்ஃபை அவன் ஒருநாளும் போடிங் என்று சொன்னதில்லை. அது “கிட்டத்து ஸ்கூல்.”

“என்ன, வாயைத் திறக்கமாட்டியே?” என்றான் இப்போது.

எமில்டா கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். “இஞ்சேருங்கோ. நான் ஓமெண்டு சொல்லமாட்டன். அவள் எட்மன்டனுக்குப் போறாள்.”

“எமில்டா!” என்றாள் பிலோமினா. இந்தமுறை சத்தமாக.

அன்புராசா அக்காவைப் பார்க்கவில்லை. “என்னை விட்டினம். பேந்து நான் அம்மாவைக் காணேல்லை. உனக்குத் தெரியாதே?”

“தெரியும். உங்களைப் பயத்திலை அனுப்பினவை. போய்ப் பாக்க அவைக்கு வழியிருக்கேல்லை. நான் பயத்திலை அனுப்பேல்லை. எனக்கு வழியிருக்கு. நான் போய்ப் பாப்பன்.”

“நான் பாக்க ஏலாதே.”

அவன் குவெல்ஃபுக்கும் போகப்போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும். அவள் அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகத்தை மட்டும் யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

செரீனா வகுப்பு முடிந்து நேராக வந்தாள். இழுத்துக் கட்டிய கொண்டை, தோளில் பை. அறையில் ஏதோ நடந்திருக்கிறது என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. தகப்பன் திரும்பினான்.

“எங்கை போகப்போறாய், குஞ்சு?”

செரீனா தாயைப் பார்த்தாள். பிலோமினா மாமி வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்து அசைத்துக் காட்டினாள்.

“அப்பாவுக்கு உண்மையைச் சொல்லு” என்றாள் எமில்டா.

“எட்மன்டன், அப்பா.”

“ஏன்?”

அவள் யோசித்தாள். தமிழில் தேடிக் கண்டுபிடிக்க நேரமெடுத்தது. “அங்கை ஒருத்தரும் எனக்கு வாவ் சொல்லேல்லை. தே ஜஸ்ட் மேட் மீ டூ இற் அகெய்ன்.”

அன்புராசாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா, நோவா என்று எமில்டாவால் பிரித்தறிய முடியவில்லை. அவன் மகளிடம் கால் எப்படியிருக்கிறது என்று கேட்டான். பெருவிரல் நகம் கறுத்திருப்பதை அவள் காட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டே நித்திரையாகிவிட்டான்.

மறுநாள் காலையில் எமில்டா அவனுடைய முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. முதலில் அவளுக்குத் தெரியவில்லை. காதுகளின் பின்புறத்தையும் துடைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில் நிறையச் சனம். மார்க்கம், பிரம்டன் நகரங்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பிலோமினா பெட்டியின் தலைமாட்டில் நின்று, வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள்: “கடைசியா ஒரு சொல்லுக் கேட்டவன் தம்பி. அதுகூடக் கிடைக்கேல்லை.” பெண்கள் எமில்டாவின் கையைப் பிடித்துவிட்டு, பிடித்த வேகத்திலேயே விட்டார்கள். முன்வரிசையில் செரீனா கறுப்புச் சட்டையோடு நிமிர்ந்து இருந்தாள். முதுகு வளையாமல் இருக்கிற அந்தப் பழக்கமும் அன்றைக்குப் பெண்களுக்குக் குற்றமாகப் பட்டது. “தகப்பன் செத்தும் அசையாமல் இருக்குது பாருங்கோ” என்று பின்னால் ஒரு குரல் சொன்னதை எமில்டா கேட்டாள்.

செபமாலை முடிந்து, பேச விரும்புகிறவர்களைக் கூப்பிட்டார்கள். கிளிபோட் போனான். அவன் கெட்டவன் இல்லை. மதிலில் இருந்த கதையைச் சொன்னபோது அவனும் அழுதான், சனமும் அழுதது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “பிள்ளை கண்ணுக்கு முன்னாலை வளரவேணும் எண்டதுதான் அன்புவின்ரை கடைசி ஆசை. நாங்கள் குடும்பமா நிண்டு அதை நிறைவேத்துவம்.”

“ஓம், ஓம்” என்று பல தலைகள் ஆடின.

எமில்டா எழுந்தாள். எழுவதாக அவள் நினைத்திருக்கவில்லை. கால்கள் தாமாகவே எழும்பின. கிளிபோட் ஒலிவாங்கியை விட்டு நகராமல் நின்றான். அவளும் நின்றாள். கடைசியில் அவன் விலகினான்.

“கிளிபோட் அண்ணை சொன்னது உண்மை” என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. “அது அவரின்ரை ஆசைதான். அதுக்கு நான் ஓமெண்டு சொல்லேல்லை. சாகிற மனுசனுக்குச் சும்மா ஒரு ஓம் சொல்ல ஏலாதோ எண்டு கனபேர் கேக்கிறியள். ஏலாது. நானும் அவரும் சண்டை பிடிச்சிருக்கிறம். பொய் சொல்லி வாழேல்லை. கடைசி நாளிலை அவரை ஒரு சின்னப் பிள்ளையா நினைச்சு ஏமாத்த எனக்கு மனம் வரேல்லை.”

மண்டபத்தில் யாரோ இருமினார்கள்.

“செரீனா எட்மன்டனுக்குப் போறாள். இதைப்பற்றி ஆருக்காவது கதைக்கவேணுமெண்டால் என்னோடை கதையுங்கோ. பிள்ளையோடை கதையாதேங்கோ.”

அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். பாதிரியார் எழுந்து, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டைத் தொடங்கிவைத்தார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். மண் இன்னும் குளிர்காலத்து ஈரத்தோடு கட்டிகட்டியாக விழுந்தது. வாகனங்கள் நின்ற இடத்தில் கிளிபோட் அவளிடம் வந்தான். கோபப்பட வந்தவன்போல இல்லை.

“நீ போய்ப் பாப்பன் எண்டு சொன்னாய். குளிருக்கை, வேலையை விட்டிட்டு. முதல் வருசம் போவாய். பேந்து குறையும், தங்கச்சி. எல்லாருக்கும் அப்பிடித்தான் குறைஞ்சது.”

“குறைஞ்சால் வந்து கேளுங்கோ, அண்ணை.”

“நீ தனிய என்ன செய்வாய்? உந்த வீட்டுக்கை?”

அதை அவள் ஏற்கெனவே யோசித்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்த நாட்களில் வேறு எதையும் யோசித்ததில்லை என்றே சொல்லலாம். வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே ஒரு சப்பாத்துக்கூட இருக்காது.

“இருப்பன்” என்றாள்.

வீட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். வரவேற்பறைச் சாமான்களை நிலக்கீழ் அறைக்கு இறக்கிவிட்டு, வாடகைக்கு எடுத்த மடிப்புக் கதிரைகளைப் போட்டிருந்தார்கள். சோறும் கறிகளும் வந்தன. பதிலை அன்றைக்குள் சொல்லவேண்டும் என்று எட்மன்டன் பள்ளி கேட்டிருந்தது. அங்கே இன்னும் பின்னேரமாகியிருக்கவில்லை. எமில்டா குசினியில், கை கழுவ வந்தவர்களுக்கு நடுவில் நின்று, போனை எடுத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

“யெஸ்” என்றாள். “ஷீ இஸ் கமிங்.” அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள். “ஹெர் ஃபாதர் பாஸ்ட் அவே. நோ. நதிங் இஸ் சேஞ்ச்ட். ஷீ இஸ் கமிங்.”

பருப்புக் கரண்டியோடு நின்ற பிலோமினா கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு வரவேற்பறைக்குப் போனாள்.

எமில்டா கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். பிறகு வரவேற்பறைப் பக்கம் சத்தம் ஒவ்வொன்றாக அடங்குவது கேட்டது. துவாயில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசல் நிலையில் நின்று பார்த்தாள்.

செரீனா யன்னல் ஓரத்தில் நின்றாள். கறுப்புச் சட்டை, கறுப்புக் காலுறை. கொண்டையைப் புதிதாக இழுத்துக் கட்டியிருந்தாள். ஆடாத நாட்கள் அவளுடைய காலில் இறுகிப்போயிருக்க வேண்டும். ஒரு கை யன்னல் விளிம்பில். குதிகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. முழங்கால்கள் மெல்ல வெளிப்பக்கமாக மடிந்தன, மெல்ல நிமிர்ந்தன. திரும்பவும். இசையில்லை. தட்டுகளை மடியில் வைத்திருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். காலை முன்னால் நீட்டியபோது அது ஒரு கிழவரின் கதிரைக் காலில் முட்டியது. “ஸொறி” என்று சொல்லிவிட்டு, இடம் இருந்த அளவுக்கு மட்டும் நீட்டினாள்.

கிழவருக்குப் பக்கத்தில் இருந்த பிலோமினா எழுந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் தன் கதிரையை மடித்தாள். பக்கத்தில் வெறுமையாக இருந்த இன்னொன்றையும் மடித்தாள். இரண்டையும் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, எமில்டாவின் முகத்தைப் பார்க்காமல் அவளைத் தாண்டிக் குசினிக்குள் போனாள்.

செரீனா காலை முழுதாக நீட்டினாள்.